ஆடி மாதத்து நோயாளி

ஒரே தேர்வில், அதிலும் ஒரே பகுதியில், இரண்டு தடவை தோற்றவள் நான். படிப்பது, எழுதுவது, காதால் கேட்பது மூன்றிலும் தேறிவிட்டு, பேசுவதில் மட்டும் ஒரு படி குறைந்துபோனேன். எங்கள் வீட்டில் யாராலும் இதை நம்ப முடியவில்லை. வாய் குறைவு என்று என்னைப் பற்றி இதுவரை ஒருத்தரும் புகார் சொன்னதில்லை.

நான் நர்ஸ். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினேழு வருஷமாக வேலை. வீடு திருச்செங்கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே. தினமும் போக ஒரு பஸ், வர ஒரு பஸ். என்னோடு நர்சிங் படித்தவர்களில் ஐந்து பேர் வெளிநாடு போய்விட்டார்கள். பனிக்குள் தொப்பி போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். படிக்கும்போது என்னைப் பார்த்து எழுதியவர்கள் அவர்கள். எனக்கு நாற்பது வயது முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் போனால் கிளம்பும் தைரியம் எனக்கே இருக்காது. மூன்றாவது தடவையும் தோற்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

வெளிநாட்டு வேலைக்கு எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு அது, அதில் நாம் நர்ஸாகவே இருக்கலாம். எதிரில் உட்காருபவர் நோயாளியாக நடிப்பார். ஐந்து நிமிஷம் அவரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். இது என்ன பிரமாதம், பதினேழு வருஷமாகச் செய்கிற வேலைதானே என்றுதான் முதல் தடவை போனேன். அங்கே நோயாளியாக நடித்த அம்மா, தன் தலை இரண்டு நாளாக ‘ஃபஸி’யாக இருக்கிறது என்றார். பீச் பழத்தின் மேல் இருக்கிற பூனைமுடிக்கு அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். என்ன ஷாம்பு போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் தடவை வந்த மனிதர், காலையிலிருந்து உடம்பு ‘ரஃப்’பாக இருக்கிறது என்றார். குளிப்பதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். அந்த மனிதர் நல்லவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

வெளியே வந்து செல்போனில் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரஃப் என்றால் சொரசொரப்பு மட்டும் இல்லையாம், உடம்பு சரியில்லாமல் கிடப்பதும் ரஃப்தானாம். ஃபஸி என்றால் தலை தெளிவில்லாமல் மந்தமாக இருப்பதாம். பாடப்புத்தகத்தில் வயிற்றுவலிக்கு ஒரு பெயர், தலைசுற்றலுக்கு ஒரு பெயர் என்று ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். புத்தகத்தைப் பார்த்து நோய் வருமா என்ன?

அதற்குப் பிறகு ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கத்தில் அந்த வார்த்தை பொருளைச் சொல்லும்போது என்ன அர்த்தம், வலது பக்கத்தில் மனிதரைச் சொல்லும்போது என்ன அர்த்தம். சங்ககிரி தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அதுதான் படிப்பு. ‘ஃப்ளாட்’ என்றால் இடது பக்கம் தட்டை, வலது பக்கம் உற்சாகம் வற்றிப்போன ஆள். ‘ரஸ்டி’ என்றால் துருப்பிடித்தது, வலது பக்கம் பழக்கம் விட்டுப்போனவர். ‘ஷேக்கி’ என்றால் ஆட்டம் காணும் மேஜை, வலது பக்கம் நடுக்கம், பயம், பலவீனம் எல்லாம். ‘ராட்டன்’ என்றால் அழுகினது, ஆனால் ஒரு வெள்ளைக்காரர் காய்ச்சலில் கிடந்தாலும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாராம். நாமக்கல் பக்கத்துக்காரிக்கு அழுகினது என்றால் முட்டைதான் ஞாபகம் வரும். ஒரு மனிதர் தன்னைத்தானே எதற்கு அழுகின முட்டை என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

அந்தக் கோபம் ஒரு நாள் பஸ்ஸிலேயே தீர்ந்தது. முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் ஏதோ ஜோக் சொன்னான். மற்றவன், “செம மொக்கைடா, கூமுட்டை” என்றான். நான் நோட்டை மூடிவிட்டேன். என் வீட்டு அரிவாள்மனையும் மொக்கை, அந்த ஜோக்கும் மொக்கை. குஞ்சு பொரிக்காத முட்டையும் கூமுட்டை, அந்தப் பையனும் கூமுட்டை. எங்கள் ஊரில் ஒருத்தன் காரமாகப் பேசுகிறான், ஒருத்தி கெட்டியாக இருக்கிறாள், மாமியார் வார்த்தை தடித்துப்போகிறது. இதையெல்லாம் யாரும் எனக்கு நோட்டுப் போட்டுச் சொல்லித் தரவில்லை. ஆங்கிலத்துக்காரனும் நம்மைப் போலக் கையில் தொட்டதை வைத்துத்தான் மனசைச் சொல்கிறான் என்று தெரிந்ததும் அவன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. ஆனால் பிரியம் வந்தால் மார்க் வந்துவிடாது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு மாடியில் இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. முதல் நாளே அவள் நோயாளியாக உட்கார்ந்து என்னைப் பேசச் சொன்னாள். நான் என் நோட்டு முழுவதையும் கொட்டினேன். ஐந்து நிமிஷம் முடிந்ததும் அவள் கேட்டாள்:

“அக்கா, இந்த அஞ்சு நிமிஷத்துல நான் எத்தனை வாக்கியம் பேசினேன்னு கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை.

“ரெண்டு. மிச்சம் முழுக்க நீங்கதான் பேசினீங்க. உங்க இங்கிலீஷ் போதும். நீங்க தோத்தது அதுல இல்ல. ஒருத்தங்க ரஃப்னு சொன்னா அது தலைவலியா, தூக்கமில்லாததா, மனசு சரியில்லையான்னு உங்க நோட்டுக்கு எப்படித் தெரியும்? சொன்னவங்களுக்குத்தான் தெரியும். அவங்களைக் கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிக்கணும்.”

வாயை மூடிக்கணும் என்பதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மலைப்பாதைப் பஸ்ஸில் ஏறி ஏற்காட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவளை மனசுக்குள் திட்டினேன். திருச்செங்கோட்டில் இறங்கும்போது, அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் வார்டில் யாரும் நோயாளியைக் கேட்பதில்லை. இது குற்றம் சொல்வதற்காக இல்லை, நடைமுறை அப்படி. படுக்கையில் இருப்பவரிடம் எப்படி இருக்கிறது என்றால், “பரவால்லீங்க” என்பார். லாரி ஏறிக் கால் நொறுங்கி வந்த மனிதர் ஒருவர், ஆபரேஷன் முடிந்து கண் திறந்த உடனே என்னிடம் சொன்ன முதல் வார்த்தை பரவால்லீங்க. நம்மால் அடுத்தவருக்கு எதற்குத் தொந்தரவு என்கிற மரியாதை அது. அதனால் நாங்கள் கூட வந்தவரைத்தான் கேட்போம். அவர்தான் சாப்பிட்டாரா, தூங்கினாரா, எங்கே வலிக்கிறது என்று நோயாளிக்குப் பக்கத்திலேயே நின்று நோயாளியைப் பற்றிச் சொல்வார். எல்லாம் கேட்டுக்கொண்டு நாங்கள், “ஒண்ணுமில்லீங்க, சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். பதினேழு வருஷமாக நல்ல நர்ஸ் என்று பேர் வாங்கியதே இந்த வார்த்தையால்தான். தேர்வில் கூட வந்தவர் என்று ஒருவர் கிடையாது. நோயாளி வாய் திறக்குமுன்னே நான் சரியாப் போயிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக, எனக்கு வேண்டியது வார்த்தை இல்லை. பொறுமையாகக் கேட்டுப் பழகுவதற்கு ஒரு நோயாளி.

முதலில் மகளைக் கேட்டேன். ஒன்பதாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். நோயாளி என்று உட்கார்ந்து, தன் ஃப்ரெண்டு சால்டியாக இருக்கிறாள், புது ஷூ சிக்காக இருக்கிறது என்றாள். சால்டி என்றால் கடுகடுப்பாம், சிக் என்றால் பிரமாதமாம். உப்பு எப்படித் திட்டானது, நோய் எப்படிப் பாராட்டானது என்று கேட்டால், “அம்மா, நீ ரொம்ப ஓல்டு” என்றாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே அவளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர்.

அவர் போர்வெல் ரிக்கில் டிரில்லர். இருபது வருஷமாக வடக்கே எந்தெந்த மாநிலமோ சுற்றித் துளை போடுகிறார். வடக்கே மழை பிடித்துவிட்டால் ரிக் லாரி ஊருக்குத் திரும்பிவிடும், ஆடி ஆவணி இரண்டு மாதமும் இவர் வீட்டில் இருப்பார். கொல்லையில் தென்னைக்குப் பாத்தி கட்டுவார், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மிக்ஸியைக் கழற்றி மாட்டுவார். நல்ல மனிதர். ஆனால் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கிணறு வெட்டிவிடலாம்.

அதற்கு அவர் தொழிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். துளை போடும் இடத்தில் நிலத்துக்காரர் குடும்பத்தோடு கைகட்டி நிற்பார். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டித்தான் தொடங்குவார்கள். அறுநூறு அடி போய் வெறும் பொடியாக வந்தாலும் டிரில்லர் வாயால் தண்ணி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அவர்கள் குழுவில் அது ஒரு கட்டுப்பாடு. “பொடி நெறம் மாறுது, பாக்கலாங்க” என்றுதான் சொல்வார்கள். அப்படிப் பாக்கலாங்க சொல்லியே பழகிய மனிதரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் வரும்?

நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“நானா? எனக்கு என்ன இங்கிலீசு தெரியும் அம்மிணி?”

“உங்களுக்குத் தெரிஞ்ச அளவு போதுங்க. கார்டுல எழுதித் தாரேன். அதைப் பாத்துச் சொன்னாச் சரி.”

“தப்பாச் சொல்லி நீ ஃபெயிலாப் போயிட்டீன்னா?”

“அதை ரெண்டு தடவை நானே பண்ணிட்டேனுங்க.”

அந்த மாதம் எனக்கு மதிய ஷிஃப்ட். மறுநாள் காலை பத்து மணிக்கு, மகள் பள்ளிக்குப் போன பிறகு, ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் நோயாளி என்பதால் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கார்டைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு, “குட் மார்னிங்ங்க” என்றார். எங்கள் ஊர்க்காரர் எந்த மொழி பேசினாலும் ங்க மட்டும் விடாது. யெஸ்ங்க, நோங்க, தேங்க்யூங்க. மரியாதை இல்லாமல் அவரால் ஒரு காய்ச்சலைக்கூடச் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒன்று கண்டேன். நான் நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்த வார்த்தைகளில் பாதி அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. லூஸ் என்றால் அவருக்குச் சரியும் மண். டைட் என்றால் ராடும் ராடும் முறுக்கிய இணைப்பு. டல் என்றால் பாறையைக் குடைந்து முனை தேய்ந்த பிட். ஹார்டு, சாஃப்டு, ரஃப், ஸ்மூத், டிரை எல்லாமே ரிக்கில் தினசரிப் பேச்சு. காலையில் லூஸ், மதியம் ஹார்டு என்று ஒரு நாளைச் சொல்லிவிடுவார். டெண்டர் என்கிற வார்த்தை வந்தபோது மட்டும் திகைத்தார். தொட்டால் வலிக்கும் இடத்துக்கு அப்படிச் சொல்வார்கள் என்றேன். “அப்ப பஞ்சாயத்துல டெண்டர் உடறாங்களே, அதும் தொட்டா வலிக்குதுதான்” என்றார். அவர் ஜோக் சொல்லி நான் கேட்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேர்வு ஒரு பக்கம் இருக்கட்டும், காலை பத்து மணி எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. நான் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். சும்மா சொல்லவில்லை, கஷ்டம். ஒருவர் வார்த்தை தேடும்போது பத்து எண்ணும் வரைக்கும் பேசாமல் இருப்பது எனக்கு உண்ணாவிரதம் மாதிரி.

அன்றைக்குக் கார்டில் எழுதியிருந்தது முட்டிவலி. அறுபது வயதுப் பெண்மணி, முட்டி ஸ்டிஃப்பாக இருக்கிறது, வெளியே நடக்கப் பயப்படுகிறார். நான் நர்ஸ் குரலில், இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நீ ஸ்டிஃப்” என்றார். முட்டியைத் தட்டிக் காட்டினார். பிறகு, “செஸ்ட் டைட்” என்றார்.

கார்டில் செஸ்ட் கிடையாது. போன வாரக் கார்டோடு குழப்பிக்கொண்டார் என்று நினைத்துத் திருத்தப் போனேன். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பெண் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, டைட் என்றால் எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

அவர் கார்டைப் பார்க்கவில்லை. வலது கையால் எதையோ முறுக்கிக் காட்டினார். ராடை முறுக்குகிற முறுக்கு. “லைக் திஸ். லிட்டில் லிட்டில். மோர்ங்க” என்றார்.

“வென்?”

“ஸ்டெப்ஸ். மார்னிங் காஃப்.” படியேறும்போது, காலை இருமலின்போது.

ரிக் ஊர் திரும்பினால் அவருடைய முதல் வேலை, மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய்வருவது. கல்யாணமான புதிதில் என்னை இழுத்துக்கொண்டு நிற்காமல் ஏறியவர். இரண்டு வருஷமாகப் பைக்கில் ரோட்டு வழியாகத்தான் போய்வருகிறார். ஏன் என்று கேட்டதற்கு, நேரம் மிச்சம் என்றார். மிக்ஸியைக் கழற்றி மாட்டும் மனிதருக்கு நேரம் எதற்கு மிச்சம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

“ஏனுங்க, நெசமாலுமேவா?” என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

உடனே அவர் முகம் மாறிவிட்டது. “அட ஒண்ணுமில்ல. பரவால்ல. சும்மா கார்டுக்குச் சொன்னேன்” என்றார்.

தமிழில் கேட்டால் புருஷன், ஆங்கிலத்தில் கேட்டால் நோயாளி. அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது. நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டேன். குரலை நர்ஸ் குரலாகவே வைத்துக்கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்குப் போனேன். எத்தனை நாளாக? “டூ இயர்ஸ்.” ராத்திரி தூக்கம்? “பேட். டூ பில்லோ.” ஒரு தலையணை போதாமல் இரண்டு வைத்துப் படுக்கிறாராம். ரிக்கில் தூசி வரும்போது வாயில் என்ன கட்டுவீர்கள்? “டவல்.” எடை குறைந்ததா? “பேண்ட் லூஸ்ங்க.” வேறு யாரிடமாவது சொன்னீர்களா? “நோங்க.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவரிடம் ஆங்கிலம் இல்லை. பத்துக்கு மேலேயும் எண்ணினேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழிலேயே சொன்னார்:

“சொன்னா ரிக்கை உட்டு எறங்குன்னு சொல்லுவ. எறங்கி நானு என்ன பண்றது?”

ஊருக்கெல்லாம் நாடி பிடிக்கிறவள் நான். வீட்டில் பத்து மாதம் ஆள் இல்லை, இருக்கும் இரண்டு மாதமும் இருமல் கேட்டால் புகையிலைப் பழக்கம் இல்லையே, தூசிதான், சரியாப் போயிரும் என்று அதே வார்த்தையை அவருக்கும் சொல்லியிருக்கிறேன். விளக்கடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, பைக்கை எடுங்க என்றேன்.

சேலத்தில் நெஞ்சு டாக்டர் படம் எடுத்தார், ஊதச் சொல்லிப் பார்த்தார். நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது என்றார். “படிஞ்சது போகாதுங்க. ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இனிமே தூசியில நிக்காம இருந்தா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். இவரு வயசு ஆளுங்க பல பேரு மூச்சு முட்டி ஓடியாந்த பின்னாடிதான் வருவாங்க.” முதலில் உள்ளே போனபோது வீட்டுக்காரர் டாக்டரிடமும் பரவால்லீங்க சொல்லப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்து கூட வந்தவளாகப் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். “நீங்களே சொல்லுங்க” என்றேன். டைட், ஷார்ப் என்று ஆரம்பித்து, மெதுவாகத் தமிழுக்கு வந்து, முழுவதும் சொன்னார்.

அவர் ரிக்கை விட்டு இறங்கியது அந்த ஆவணியில். ஒரு வாரம் வீடு எழவு வீடு மாதிரி இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. பிறகு பழகிய முதலாளி ஒருவர், ரிக் உதிரிபாகம் விற்கும் தன் கடையில் உட்காரச் சொன்னார். எந்தப் பாறைக்கு எந்த பிட் தாங்கும் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் இப்போது பாதி டிரில்லர்கள் வாங்குகிறார்களாம். வருகிறவனிடமெல்லாம் டவல் கட்டாதே, மாஸ்க் போடு என்று நச்சரிக்கிறாராம். பேசாத மனிதர் கடையில் ஓயாமல் பேசுகிறார் என்று முதலாளி என்னிடம் புகார் சொன்னபோது, மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. வீட்டில் இரண்டு தலையணை இன்னும் இருக்கிறது. சில நாள் ஒன்று போதும் என்கிறார். பத்து மாதம் காணாத மனிதர் தினமும் ஏழு மணிக்கு வந்து, சாப்பாட்டில் உப்புக் குறை சொல்கிறார். அதில் எனக்குக் கோபமும் வருகிறது, அப்படி ஒரு கோபம் வருவது பிடித்தும் இருக்கிறது.

இந்தக் களேபரத்தில் தேர்வை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர்தான் விடவில்லை. “கட்டுன பீசு கெடக்கட்டும். நானு பேஷண்டா உக்காந்தது வீணாப் போகோணுமா?” என்றார். கடைக்குப் போகுமுன் காலை எட்டு மணிக்கு நாற்காலி போட்டோம். இந்தத் தடவை கார்டில் இருந்ததைத் தவிர அவர் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு தடவையும், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “நோங்க, ட்ரூலி நோங்க” என்று சிரிப்பார்.

மூன்றாவது தேர்வில் எதிரே உட்கார்ந்தவர், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் ஒரு தாத்தாவாக நடித்தார். எல்லாம் சரி, கொஞ்சம் ஃப்ளாட்டாக மட்டும் இருக்கிறது என்றார். என் நோட்டின் வலது பக்கம் கண் முன்னால் வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டு, ஃப்ளாட் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கிறது, கொஞ்சம் சொல்கிறீர்களா என்று கேட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவர் தன் மனைவி இறந்ததைச் சொன்னார். கார்டில் எழுதியிருந்ததைத்தான் சொல்கிறார் என்று தெரியும். இருந்தாலும், அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் நான் பேசியது மிகவும் குறைவு. அறையை விட்டு வரும்போது, இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

முடிவு ஒரு புதன்கிழமை காலையில் செல்போனுக்கு வந்தது. மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். அவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். வாங்கிக் கண்ணுக்கு எட்டப் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேசுவதில் என்ன போட்டிருக்கிறது என்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பாஸுங்களா?”

“பாஸுங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் சிரிக்கத்தான் செய்தார், கண்ணெல்லாம் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து, எப்போது கிளம்ப வேண்டியிருக்கும் என்று கேட்டார். இன்னும் இண்டர்வியூ இருக்கிறது, விசா இருக்கிறது, ஆறு மாதமாவது ஆகும், முதலில் நான் போய் வேலையில் சேர்ந்த பிறகு உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எத்தனையோ தடவை பேசியதையே திரும்பச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்குப் பயமா இருக்குது அம்மிணி” என்றார்.

தமிழில் சொன்னார். கார்டு இல்லை, நான் கேட்கவும் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒண்ணுமில்லீங்க, எல்லாம் சரியாப் போயிரும் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டேன்.

“எப்படிப் பயமா இருக்குதுங்க? சொல்லுங்க” என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்று கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனார்.